எந்திரத்தின் நினைவைக் காப்போம்: அழித்து எழுதும் சில்லு பற்றிய பாடம்

ரப்பர் ஆலையில் வேலை செய்வோர் அனைவரும் நாள்தோறும் ஒரு பெட்டியைக் காண்கின்றனர். கட்டி ரப்பரை அழுத்தும் எந்திரத்தின் அருகிலோ, உலர்த்தும் அடுப்பின் அருகிலோ, சுவரை ஒட்டி நிற்கும் சாம்பல் நிற இரும்புப் பெட்டி அது. பச்சை விளக்கு எரிந்தால் வேலை நடக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் வேலை நிற்கும். அதற்கு மேல் அப்பெட்டியைப் பற்றி நாம் அறிய முற்படுவதில்லை. "அது சார்ஜ்மேன் வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஆயினும் எந்திரம் எப்போது இறங்க வேண்டும், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அப்பெட்டியே முடிவு செய்கிறது. நம் கையின் பாதுகாப்பும், நாள் முடிவில் கணக்கில் ஏறும் கட்டிகளின் எண்ணிக்கையும் அதனைச் சார்ந்தே இருக்கின்றன. அப்பெட்டியின் நினைவு எங்கே இருக்கிறது, அது எவ்வாறு பழுதுபடுகிறது, அதனை அழித்து மீண்டும் எழுதுவது எப்படி என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். சில்லு வேலையைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். எனினும், அவ்வேலை சரியாக நடக்கிறதா என்பதை அறிந்திருப்பது ஆலைத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் நன்மை தரும்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

முற்காலத்தில் எந்திரங்களை இயக்கியவை ரிலே எனப்படும் மின்காந்த விசைகளாகும். ஓர் எந்திரத்திற்கு நூற்றுக்கணக்கான ரிலேக்கள் தேவைப்பட்டன. வேலை முறையை மாற்ற வேண்டுமாயின் கம்பிகளையெல்லாம் கழற்றி மீண்டும் பூட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் இத்தொல்லைக்கு மாற்று வழி தேடியது. 1968-ஆம் ஆண்டில் டிக் மோர்லி என்னும் பொறியாளரும் அவருடைய தோழர்களும் அதற்கென ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை வகுத்தனர். மோடிகான் 084 என்னும் பெயரில் அது 1969-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று பி.எல்.சி. என்று ஆலைகளில் வழங்கப்படும் கருவிகளுக்கு அதுவே முன்னோடி.

பி.எல்.சி.யில் கம்பிகளுக்குப் பதிலாக ஆணைத்தொடர் வேலை செய்கிறது. "இரண்டு பொத்தான்களையும் ஒருங்கே அழுத்தினால் மட்டும் எந்திரத்தை இறக்கு, 20 விநாடி அழுத்திப் பிடி, பின்னர் மேலே ஏற்று" என்பது போன்ற ஆணைகள் எண்களாக மாற்றப்பட்டு நினைவில் வைக்கப்படுகின்றன. வேலை முறையை மாற்ற வேண்டுமாயின் எண்களை மாற்றினால் போதும். 1979-ஆம் ஆண்டில் சீமன்ஸ் நிறுவனம் வெளியிட்ட எஸ்.5 வரிசைக் கருவிகள் உலகெங்கும் பரவின. அவை இப்பொழுது உற்பத்தி செய்யப்படுவதில்லை. ஆனால், அக்காலத்துக் கருவிகள் பழைய ஆலைகளில் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இரும்பும் எண்ணெயும் நன்றாக இருக்க, ஒரு விரல் அகலச் சில்லு பழுதுபட்டதனால் முழு எந்திரத்தையும் கழித்துவிடும் நிலை எந்த ஆலைக்கும் வரலாம். அவ்வாறு நேரும்போது வேலையிழப்பும் உடன் வருகிறது. ஆகவே இச்சில்லைப் பற்றிய அறிவு பழங்கதையன்று.

சில்லின் பிறப்பும் பினாங்கும்

1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த டோவ் ஃப்ரோமன் என்பவர் அழித்து எழுதும் நினைவுச் சில்லை உருவாக்கினார். வேறொரு சில்லில் நேர்ந்த பழுதுக்குக் காரணம் தேடும்போதுதான் இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியது. பழுதைக் கண்டு சலிப்படையாமல் அதன் காரணத்தைத் தேடியதே புதிய பொருளுக்கு வழி திறந்தது. 1702 என்னும் அம்முதற் சில்லில் 256 எண்களை மட்டுமே எழுத முடிந்தது. ஈப்ரோம் என்னும் பெயரால் இவ்வகைச் சில்லுகள் அறியப்படுகின்றன.

இதில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 1972-ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வெளிநாட்டில் தன் முதல் ஆலையைப் பினாங்கின் பாயான் லெப்பாசில் தொடங்கியது. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் சென்ற இளம்பெண்கள் பலர் பினாங்கின் மின்னியல் ஆலைகளில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தனர். பழைய ஈப்ரோம் சில்லுகள் சிலவற்றில் 'மலேசியா' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

மங்கும் மின்னணுவும்

ஈப்ரோம் சில்லின் முதுகில் ஒரு சிறிய கண்ணாடிச் சாளரம் இருக்கும். அது சாதாரணக் கண்ணாடியன்று. குவார்ட்ஸ் எனப்படும் படிகக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் புற ஊதாக் கதிரை இது உள்ளே விடும். இச்சாளரத்தின் பயனைப் பின்னர்க் காண்போம்.

சில்லுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணறைகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. பால்மர நிரையில் மரத்துக்கு ஒரு மங்கு கட்டியிருப்பதைப் போல எண்ணிக்கொள்ளலாம். மங்கில் பால் நிற்பது போல், இவ்வறைகளில் மின்னணுக்கள் நிற்கின்றன. காலியாக உள்ள அறையைக் கருவி 1 என்று படிக்கும். மின்னணு நிறைந்த அறையை 0 என்று படிக்கும். இவ்வாறு எட்டு அறைகள் சேர்ந்து ஓர் எண்ணைக் குறிக்கின்றன. எட்டும் காலியாக இருந்தால் அவ்வெண் 255 ஆகும். கருவிகள் அதனை எஃப்.எஃப். என்று காட்டும். எட்டும் நிறைந்திருந்தால் 0 ஆகும்.

இந்த மங்குக்கு வாய் கிடையாது என்பதே வியப்பு. அறையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய படலம் சூழ்ந்துள்ளது. எழுதும்போது உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. அதனால் வேகம் பெற்ற மின்னணுக்கள் படலத்தைத் தாண்டி உள்ளே சென்று அகப்பட்டுக்கொள்கின்றன. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேறுவதில்லை. பத்து ஆண்டும் அதற்கு மேலும் அவ்வாறே நிற்கும். ஆலை வார இறுதியில் மூடப்பட்டாலும், மின்தடை ஏற்பட்டாலும் எந்திரம் தன் வேலையை மறவாமலிருப்பது இதனாலேதான்.

உள்ளே அகப்பட்ட மின்னணுவை வெளியேற்றுவது புற ஊதாக் கதிர். சாளரத்தின் வழியே அக்கதிர் பாயும்போது மின்னணுக்கள் அதன் ஆற்றலைப் பெற்றுப் படலத்தைத் தாண்டி வெளியேறுகின்றன. ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும்: எழுதும் கருவியால் ஒரு தனி அறையை நிரப்ப முடியும், ஆனால் ஒரு தனி அறையைக் காலி செய்ய முடியாது. கதிர் பட்டால் சில்லு முழுவதும் காலியாகும். ஓர் எண் தவறாக எழுதப்பட்டால், பெரும்பாலும் முழுச் சில்லையும் அழித்து மீண்டும் எழுதவே நேரிடும்.

ஒளி பட்டால் நேரும் கேடு

புற ஊதாக் கதிர் விளக்கில் மட்டும் இருப்பதன்று. சூரிய ஒளியிலும் உண்டு. குழல் விளக்கின் ஒளியிலும் மிகச் சிறிதளவு உண்டு. மூடப்படாத சாளரத்தின் மேல் நேரடியாக வெயில் பட்டால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் சில்லு அழிந்துவிடலாம் என்றும், குழல் விளக்கின் ஒளியில் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் அழியலாம் என்றும் உற்பத்தியாளர்கள் எச்சரித்துள்ளனர். ஆகவேதான் சாளரத்தின் மேல் ஒளி புகாத ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்படுகிறது. ஆலையின் வெப்பத்திலும் ஈரத்திலும் பசை காய்ந்து அத்தாள் உதிர்ந்துவிடுவதுண்டு. கீழே கிடக்கும் சிறு தாளைக் குப்பையென்று பெருக்கித் தள்ளிவிடுவதும் உண்டு.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓர் ஆலையில் கட்டி ரப்பர் அழுத்தும் எந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டியின் எடை 33⅓ கிலோ. ஒரு கட்டிக்கு மொத்தம் ஒரு நிமிடம் ஆகிறது; அதில் அழுத்திப் பிடிக்கும் நேரம் 20 விநாடி. ஒரு மணி நேரத்தில் 60 கட்டிகள், அதாவது 2,000 கிலோ ரப்பர் அழுத்தப்படுகிறது.

சில்லில் 20 என்னும் எண் எவ்வாறு எழுதப்பட்டிருக்கும்? எட்டு அறைகளின் மதிப்பு முறையே 128, 64, 32, 16, 8, 4, 2, 1 ஆகும். 16-க்கும் 4-க்கும் உரிய அறைகள் காலியாகவும், மற்றவை நிறைந்தும் இருக்கும். 16-உம் 4-உம் சேர்ந்தால் 20. இப்போது ஒட்டுத்தாள் உதிர்ந்த சாளரத்தின் வழியே ஒளி புகுந்து, 32-க்குரிய அறையிலிருந்த மின்னணுக்கள் கசிந்துவிட்டன என்று கொள்வோம். அந்த அறை காலியாகிவிட்டது. எனவே கருவி அவ்வெண்ணை 52 என்று படிக்கும். அழுத்திப் பிடிக்கும் நேரம் 20 விநாடியிலிருந்து 52 விநாடியாக உயர்ந்துவிட்டது. ஒரு கட்டிக்கு 92 விநாடி ஆகிறது. ஒரு மணி நேரத்தில் 60 கட்டிகள் வந்த இடத்தில் 39 கட்டிகளே வருகின்றன. 2,000 கிலோ 1,300 கிலோவாகக் குறைகிறது.

எந்திரம் நின்றுவிடவில்லை, சிவப்பு விளக்கும் எரியவில்லை. ஆகவே மண்டோர் யாரைக் கடிந்துகொள்வார்? எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளரையே கடிந்துகொள்வார். "முன்பெல்லாம் அறுபது கட்டி போட்டீர்கள், இப்போது ஏன் முடியவில்லை?" என்று கேட்பார். நேரத்தை எடுத்துக்கொள்வது தங்கள் கைகளன்று என்பதைத் தொழிலாளர் எவ்வாறு காட்டுவது? வழி எளிது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, எந்திரம் இறங்கியது முதல் ஏறும் வரையிலான விநாடிகளை நாளுக்கு மூன்று முறை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். அக்குறிப்பேட்டை மண்டோரிடமும் சார்ஜ்மேனிடமும் காட்டினால், பழுது எங்கே என்பது விரைவில் புலப்படும். வாயால் சொல்வதைவிட எழுதி வைத்த எண்ணுக்கு மதிப்பு மிகுதி.

நேரம் நீள்வது பொருளிழப்பு மட்டுமே. இதே கசிவு பாதுகாப்புக்குரிய ஆணை ஒன்றில் நேர்ந்திருந்தால் விளைவு வேறாக இருக்கும். எந்திரத்தின் அடியில் கை இருக்கும்போது அது இறங்குவதைத் தடுப்பதும் ஆணைத்தொடரின் வேலையாக இருக்கக்கூடும். அவசர நிறுத்தப் பொத்தானும் கதவுப் பாதுகாப்பும் சில்லை மட்டும் நம்பியிராமல், தனிக் கம்பி வழியே நேராக மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைக்கப்பட வேண்டுமென வலியுறுத்துவது இதற்காகவே.

எண்களை அறிந்துகொள்க

ஈப்ரோம் சில்லின் பெயர் பெரும்பாலும் 27 என்று தொடங்கும். அதன் பின்வரும் எண்ணை எட்டால் வகுத்தால், எத்தனை ஆயிரம் எண்களை அதில் எழுதலாம் என்பது ஏறத்தாழத் தெரியும். 2716-இல் 2,048, 2732-இல் 4,096, 2764-இல் 8,192, 27128-இல் 16,384, 27256-இல் 32,768 எண்களை எழுதலாம். 2716, 2732 ஆகியவற்றுக்கு 24 கால்கள். 2764 முதல் 27512 வரையிலானவற்றுக்கு 28 கால்கள்.

எழுதும் மின்னழுத்தமே இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி. 2716, 2732 ஆகியவற்றுக்கு 25 வோல்ட். 2732ஏ சில்லுக்கு 21 வோல்ட். இன்டெல் 2764-க்கு 21 வோல்ட். 2764ஏ, 27256 ஆகியவற்றுக்கு 12.5 வோல்ட். ஏ என்னும் ஒரே எழுத்து வேறுபாட்டைக் கவனியாமல் 2732ஏ சில்லுக்கு 25 வோல்ட் கொடுத்தால் சில்லு பாழாகிவிடும். ஒரே எண்ணுடைய சில்லுக்கும் உற்பத்தியாளருக்கேற்ப மின்னழுத்தம் மாறுபடலாம். ஆகவே உற்பத்தியாளரின் விவரத்தாளைப் பார்த்த பின்னரே எழுதத் தொடங்க வேண்டும்.

சாளரம் இல்லாத 27 வரிசைச் சில்லுகளும் உண்டு. அவை ஒரு முறை மட்டும் எழுதத்தக்கவை. அவற்றை விளக்கின் கீழ் வைத்துப் பயனில்லை. 28 என்று தொடங்கும் சில்லுகள் பல மின்சாரத்தாலேயே அழியும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் விளக்கு வேண்டியதில்லை. வேறு சில கருவிகள் ஆணைத்தொடரைப் பாட்டரியின் துணையால் நினைவில் வைத்துள்ளன. பாட்டரி தீர்ந்த பின் மின்சாரம் நின்றால் நினைவும் போய்விடும். அவற்றில் பாட்டரி மாற்றும் முறையைக் கைந்நூல் கூறியவாறே பின்பற்ற வேண்டும்.

முதல் விதி: மூலத்தை அழிக்காதீர்

எந்திரத்திலிருந்து எடுத்த சில்லை நேராக விளக்கின் கீழ் வைப்பது மிகப் பெரிய தவறு. அதிலிருப்பது உலகிலேயே எஞ்சியிருக்கும் ஒரே படியாக இருக்கலாம். எந்திரத்தை விற்ற நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம். எழுதியவர் ஓய்வு பெற்றிருக்கலாம். ஆகவே பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. எந்திரத்தின் மின்சாரத்தை முற்றாக நிறுத்தி, விசைக்குப் பூட்டுப் போட்டு, பெயரும் நாளும் எழுதிய எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டின் சாவி வேலை செய்பவர் பையிலேயே இருக்க வேண்டும்.

2. சில்லின் எண், சாக்கெட்டின் எண், சில்லின் தலைப்பக்கத்தில் உள்ள பிறைவடிவக் குழிவு எத்திசையை நோக்குகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு படம் எடுத்துக்கொள்வது இன்னும் நன்று.

3. உடலில் சேரும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கும். மணிக்கட்டில் நிலத்தொடர்புப் பட்டை அணிந்து, சில்லின் இருமுனைகளைப் பிடித்து எடுக்க வேண்டும். கால்களைத் தொடலாகாது. ஒரு முனையை மட்டும் நெம்பினால் கால்கள் வளைந்துவிடும்.

4. சில்லை எழுதும் கருவியில் பொருத்தி அதன் எண்களைப் படித்துக் கணிப்பொறியில் சேமிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை படித்து, ஒவ்வொரு முறையும் ஒரே எண்கள் வருகின்றனவா என்று ஒப்பிட வேண்டும். மாறி மாறி வந்தால் சில அறைகள் பாதி கசிந்துள்ளன என்று பொருள். சற்றுக் குறைந்த மின்னழுத்தத்தில் படித்தால் அத்தகைய அறைகளின் உண்மை எண் சில வேளைகளில் மீண்டும் கிட்டும்.

5. படித்த எண்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமிக்க வேண்டும். பின்னர், புதிய அல்லது அழிக்கப்பட்ட வேறொரு சில்லில் எழுத வேண்டும். பழைய சில்லை மூடி, பெயரிட்டு, பத்திரமாக வைக்க வேண்டும்.

கசிந்த சில்லைப் படித்துப் படியெடுத்தால் பிழையும் சேர்ந்தே படியாகும் என்பதையும் மறத்தலாகாது. எந்திரம் நன்றாக ஓடும் காலத்திலேயே படியெடுத்து வைப்பதுதான் அறிவுடைமை.

கூட்டுத்தொகை என்னும் செக்ரோல்

படி சரியானதா என்பதை எவ்வாறு அறிவது? கிராணியார் செக்ரோலில் நாட்பேர்களைக் கூட்டி அடியில் மொத்தம் எழுதுவார். மொத்தம் மாறினால் எங்கோ ஓர் எண் மாறியுள்ளது என்று அறிவார். அதே போல் எழுதும் கருவி சில்லிலுள்ள எண்களையெல்லாம் கூட்டி ஒரு கூட்டுத்தொகையைக் காட்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் 20 என்னும் எண் 52 ஆனமையால், கூட்டுத்தொகை முன்பு இருந்ததைவிட 32 கூடியிருக்கும். பழைய கூட்டுத்தொகை எழுதி வைக்கப்பட்டிருந்தால், பழுது சில்லில் உள்ளது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எனினும் இரண்டு எண்கள் தம்முள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே எழுதி முடித்த பின், எண்ணுக்கு எண் ஒப்பிடும் சோதனையையும் கட்டாயம் செய்ய வேண்டும். சில கருவிகள் ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் தாமே கூட்டிப் பார்த்து, வேறுபாடு கண்டால் நின்றுவிடும். எல்லாப் பழைய கருவிகளும் அவ்வாறு செய்வதில்லை.

அழிக்கும் முறை

அழிப்பதற்கென மூடியுடன் கூடிய பெட்டி விற்கப்படுகிறது. அதனுள் இருப்பது பாதரசக் குழல் விளக்கு. அது 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைத் தரும். முதலில் சாளரத்தின் மேலுள்ள ஒட்டுத்தாளை நீக்கி, பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பசை படிந்த இடத்தில் கதிர் புகாது. அதனடியில் உள்ள அறைகள் அழியாமல் நின்றுவிடும்.

சில்லை விளக்கிலிருந்து ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் தொலைவில் வைக்க வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 வாட்-விநாடி அளவு கதிர் தேவை என்பது உற்பத்தியாளர் தரும் கணக்கு. 12,000 மைக்ரோவாட் தரும் புதிய விளக்காயின் ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். விளக்கு பழையதாகி அதன் வலிமை பாதியானால் 40 நிமிடம் ஆகும். விளக்கின் நீல ஒளியைக் கண்டு வலிமையை மதிப்பிட இயலாது. கதிரோ கண்ணுக்குப் புலப்படாதது. தேவைக்கு மேல் மணிக்கணக்கில் வைப்பதும் தவறு. அது சில்லின் ஆயுளைக் குறைக்கும்.

சில்லு ஆறிய பின் எழுதும் கருவியில் வைத்து வெறுமைச் சோதனை செய்ய வேண்டும். எல்லா எண்களும் எஃப்.எஃப். என்று காட்டினால் அழிப்பு முடிந்தது. ஓரிரண்டு இடங்களில் வேறெண் வந்தால் மீண்டும் சில நிமிடம் வைக்கலாம். பல முறை வைத்தும் அழியாத சில்லை எந்திரத்திற்குப் பயன்படுத்தலாகாது. வெறுமைச் சோதனையில் மயிரிழையில் தேறிய சில்லும் பின்னர்த் தொல்லை தரும். ஆகவே சோதனை தேறிய பின்னரும் சிறிது நேரம் கதிரில் வைப்பது நல்ல வழக்கம்.

எழுதும் முறை

எழுதும் கருவியில் சில்லின் வகையையும் உற்பத்தியாளரையும் சரியாகத் தேர்ந்தெடுத்து, சேமித்த எண்களை ஏற்ற வேண்டும். கூட்டுத்தொகை குறிப்பேட்டில் உள்ளதோடு ஒத்திருந்தால் எழுதத் தொடங்கலாம். 2716 சில்லில் ஓர் எண்ணை எழுத 50 மில்லி விநாடி ஆகும். 2,048 எண்களுக்கு ஏறத்தாழ 102 விநாடி. அதே வேகத்தில் 2764-ஐ எழுதினால் ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆகும். ஆகவே பின்வந்த சில்லுகளுக்கு, குறுகிய துடிப்புக் கொடுத்து உடனுக்குடன் சரிபார்க்கும் விரைவு முறைகள் வகுக்கப்பட்டன.

எழுதி முடித்ததும் ஒப்பீட்டுச் சோதனை செய்து, சாளரத்தின் மேல் ஒளி புகாத ஒட்டுத்தாளை ஒட்ட வேண்டும். அத்தாளில் எந்திரத்தின் பெயர், ஆணைத்தொடரின் பதிப்பு, எழுதிய நாள், கூட்டுத்தொகை ஆகியவற்றை மையால் எழுத வேண்டும். இவ்வொரு தாள் சாளரத்தையும் மூடுகிறது, வரலாற்றையும் கூறுகிறது.

பொருத்தும்போது குழிவு முன்பிருந்த திசையையே நோக்க வேண்டும். திசை மாற்றிப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் சில்லு சுட்டுப்போகும். கால் ஒன்று மடங்கி அடியில் ஒளிந்திருப்பதும் உண்டு. கூர்ந்து பார்க்க வேண்டும்.

பின்னர், ரப்பர் இன்றி வெறுமனே எந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான், இருகைப் பொத்தான், கதவுப் பாதுகாப்பு ஆகிய ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். எந்திரத்தை நாள்தோறும் இயக்கும் தொழிலாளரும் அச்சோதனையின்போது உடனிருப்பது நன்று. எந்திரத்தின் இயல்பான ஓசையும் வேகமும் அவருக்கே நன்கு தெரியும்.

கண்ணைக் காப்பீர்

சில்லை அழிக்கும் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். பற்றவைப்பு வேலையின் ஒளியைப் பார்த்தவர்க்கு நேர்வது போன்ற துன்பமே இதிலும் நேரும். பார்க்கும்போது வலி தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தி எரியும். ஆகவே மூடி திறந்தால் விளக்கு தானே அணையும் அமைப்புடைய பெட்டியையே பயன்படுத்த வேண்டும். அவ்வமைப்பைக் கட்டிப்போட்டு ஏமாற்றுவது கண்ணைப் பணயம் வைப்பதாகும். விளக்கு உடைந்தால் அதிலுள்ள பாதரசம் நஞ்சு, வெறுங்கையால் அள்ளலாகாது, வீட்டுக் குப்பையிலும் சேர்க்கலாகாது.

கடமையும் உரிமையும்

1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான எந்திரத்தையும் வேலை முறையையும் அளிக்கும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. தம் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் பேணும் கடமையைத் தொழிலாளருக்கும் விதிக்கிறது. அச்சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து உள்ளதென நம்பத் தக்க காரணம் இருந்து, அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் நடவடிக்கை எடுக்கப்படாவிடில், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையை அது தொழிலாளருக்கு வழங்குகிறது. ஆகவே, "எந்திரம் ஒரு மாதிரியாக இறங்குகிறது" என்று தோன்றினால் அதனை மறைக்கவும் வேண்டாம். பொறுத்துக்கொண்டு கையை நீட்டவும் வேண்டாம். உடனே சொல்லுங்கள், நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

பெட்டியைத் திறப்பதும் சில்லைக் கழற்றுவதும் தகுதிச் சான்று பெற்றோரின் வேலையே. ஆனால் அத்தகுதி எட்டாக் கனியன்று. தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்னியல், கட்டுப்பாட்டுத் துறைகளில் பயிற்சி பெற்று மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கிறது. பெட்டியை வெளியிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை, நாளை அதனைத் திறந்து சீர்செய்யும் பொறுப்பை ஏற்கலாம். நம் பாட்டன்மார் உளியைப் பட்டை காயாமல் பிடிக்கக் கற்றனர்; கணுவளவு ஆழம் மிகுந்தால் மரம் பாழ் என்பதை அறிந்திருந்தனர். அதே கவனமும் அதே பொறுமையும்தான் இவ்வேலைக்கும் வேண்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஈப்ரோம் சில்லின் சாளரத்தை ஏன் மூடி வைக்க வேண்டும்?
2. சில்லில் உள்ள ஓர் எண் மட்டும் தவறாயின் அதனைத் தனியே அழிக்க முடியுமா? காரணம் கூறுக.
3. 8-க்குரிய அறையும் 2-க்குரிய அறையும் மட்டும் காலியாக இருந்தால் கருவி எந்த எண்ணைப் படிக்கும்? 64-க்குரிய அறையும் கசிந்துவிட்டால் அது எந்த எண்ணாக மாறும்?
4. கூட்டுத்தொகை ஒத்திருந்தாலும் ஒப்பீட்டுச் சோதனை ஏன் தேவை?
5. உங்கள் ஆலையில் அழுத்து எந்திரம் இறங்கி ஏற எத்தனை விநாடி ஆகிறது? இன்றே பார்த்துக் குறித்து வையுங்கள்.

(மூன்றாம் வினாவிற்கு விடை: 10, 74.)